பனியா, புகையா? கேமரன் மலைக் காற்றைப் படிப்போம்



2019 செப்டம்பர் மாதம், ஒரு புதன்கிழமை. பிற்பகல் மூன்று மணி. புறப்பாட நடவடிக்கைக்காக மாணவர்கள் பள்ளித் திடலில் கூடியிருந்தார்கள். எதிரே இருக்கும் தேயிலைச் சரிவு பாதி மறைந்திருந்தது. கேமரன் மலையில் இது புதுக் காட்சியா என்ன? "பனி இறங்குது. ரொம்பக் குளிர்றதுக்கு முன்னாடி ரெண்டு சுற்று ஓடிடுங்க" என்றேன்.

இரண்டாவது சுற்றில் ஒரு மாணவி நின்றுவிட்டாள். அவளுக்கு ஆஸ்துமா உண்டு. இன்ஹேலரை எடுத்து உறிஞ்சிவிட்டு, மூச்சு வாங்கியபடி, "சார், இது பனி இல்ல சார். புகை வாடை வருது" என்றாள். அப்போதுதான் நானும் மூக்கால் இழுத்துப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. சுமத்ராவிலிருந்து கடல் தாண்டி வந்த புகைமூட்டம் அது. நாம் 'ஜெரெபு' என்று சொல்கிறோமே, அதேதான். ஓட்டத்தை நிறுத்தி எல்லாரையும் வகுப்பறைக்கு அனுப்பினேன். சிறிது நேரத்தில் அவளுக்கு மூச்சு சீரானது.

அறிவியல் ஆசிரியர் ஆகிய நான், கண்ணுக்குத் தெரிந்த வெள்ளையை மட்டும் பார்த்து முடிவு செய்துவிட்டேன். மலையில் வாழும் நமக்கு இந்தத் தவறு எளிதில் நேரும். ஆண்டு முழுவதும் மூடுபனியைப் பார்த்துப் பழகிய கண், புகையையும் பனி என்றே எடுத்துக்கொள்ளும். இரண்டையும் பிரித்தறிவது எப்படி என்று இந்த வாரம் பார்ப்போம்.

நம் மலை ஏன் குளிர்கிறது?

முதலில் நம் ஊர் வானிலையைத் தெரிந்துகொள்வோம். மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் காற்று விரிவடையும். விரிவடையும் காற்று குளிரும். சராசரியாக ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்துக்கும் வெப்பநிலை சுமார் 6.5 டிகிரி செல்சியஸ் குறைகிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மலையடிவாரத்தில் உள்ள தாப்பா போன்ற தாழ்நிலத்தில் சராசரி வெப்பநிலை 27 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். தானா ராத்தா கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 1.5 ஐ 6.5 ஆல் பெருக்கினால் 9.75. ஆகவே 27 இலிருந்து சுமார் 10 டிகிரி குறைய வேண்டும். விடை 17. தானா ராத்தாவின் உண்மையான சராசரி 18 டிகிரியை ஒட்டியிருக்கிறது. நம் கணக்கு நன்றாகவே ஒத்துவருகிறது. மலேசியாவில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையும் நம் மலையில்தான் பதிவானது: 1978 பிப்ரவரி 1 அன்று 7.8 டிகிரி.

ஆனால் ஒன்றை மறக்காதீர்கள். 'குளிர்ந்த காற்று' என்பது வேறு, 'தூய காற்று' என்பது வேறு. வெப்பமானி தூய்மையை அளப்பதில்லை.

மூடுபனி எப்படி உருவாகிறது?

காற்றில் எப்போதும் கண்ணுக்குத் தெரியாத நீராவி இருக்கும். வெப்பக் காற்றில் நிறைய நீராவி இருக்க முடியும். குளிர்ந்த காற்றில் அவ்வளவு முடியாது. காற்று குளிர்ந்துகொண்டே போனால், ஒரு கட்டத்தில் நீராவி அதன் உச்ச அளவை எட்டிவிடும். அதற்கு மேலும் குளிர்ந்தால், மிகுதி நீராவி நுண்ணிய நீர்த்துளிகளாக மாறும். தரையை ஒட்டி மிதக்கும் அந்தத் துளிக் கூட்டமே மூடுபனி.

கேமரன் மலையில் இது இரண்டு வழிகளில் நடக்கிறது.

ஒன்று, இரவில். வானம் தெளிவாக இருக்கும் இரவில் தரை தன் வெப்பத்தை விரைவாக இழக்கிறது. தரையைத் தொடும் காற்றும் குளிர்கிறது. குளிர்ந்த காற்றுக்கு அடர்த்தி அதிகம். அதனால் அது தேயிலைச் சரிவுகளில் தண்ணீர் போல இறங்கிப் பள்ளத்தாக்கில் தேங்குகிறது. விடியற்காலையில் கீழே பால் ஊற்றியது போலத் தெரிவது இதுதான். வெயில் ஏறியதும் தரை சூடாகி, துளிகள் மீண்டும் ஆவியாகிவிடும்.

இரண்டு, பகலில். வெயிலில் சரிவுகள் சூடாவதால், தாழ்நிலத்து ஈரக் காற்று மலையேறி வருகிறது. ஏற ஏறக் குளிர்ந்து மேகமாகிறது. அந்த மேகம் மலையைத் தொடும்போது, அதற்குள் நிற்கும் நமக்கு அது மூடுபனி. 2,000 மீட்டருக்கு மேல் உயர்ந்த கூனோங் பிரிஞ்சாங் உச்சியை ஒட்டிய காட்டில் மரமெல்லாம் பாசி போர்த்தி நிற்கிறதே, அதற்குக் காரணம் அடிக்கடி வந்து தொடும் இந்த மேகம்தான்.

ஆக, நம் ஊரில் காலையிலும் பனி வரலாம், பிற்பகலிலும் வரலாம். நேரத்தை மட்டும் வைத்து 'இது பனிதான்' என்று முடிவு கட்ட முடியாது. அந்தப் புதன்கிழமை நான் ஏமாந்தது அங்கேதான்.

புகைமூட்டம் எங்கிருந்து வருகிறது?

மே இறுதி முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றுக் காலம். தீபகற்ப மலேசியாவின் பெரும்பகுதியில் மழை குறைவாக இருக்கும் காலம் இது. இதே காலத்தில் சுமத்ராவிலும் கலிமந்தானிலும் நிலம் காய்ந்திருக்கும். அங்குள்ள கரிச்சதுப்பு நிலங்களில் தீப்பிடித்தால் அணைப்பது கடினம். ஏனென்றால் அந்த மண்ணே, ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மட்கியும் மட்காமலும் சேர்ந்த செடிகொடிகளால் ஆனது. வடிகால் வெட்டி நீரை வற்ற வைத்தபின், அது எரிபொருள் போல ஆகிவிடுகிறது. மேலே தீ அணைந்தாலும் மண்ணுக்கடியில் கனன்றுகொண்டே இருக்கும். கனலும் தீ, கொழுந்துவிட்டு எரியும் தீயைவிட அதிகப் புகையைக் கக்கும். தென்மேற்குக் காற்று அந்தப் புகையை மலாக்கா நீரிணையைத் தாண்டி நம் பக்கம் கொண்டுவருகிறது.

1997, 2005, 2013, 2015, 2019 ஆகிய ஆண்டுகளில் கடுமையான புகைமூட்டம் வந்ததை உங்கள் பெற்றோர் நினைவில் வைத்திருப்பார்கள். இவற்றுள் 1997, 2015 இரண்டும் எல் நினோ ஆண்டுகள். பசிபிக் பெருங்கடலின் நடுப்பகுதியும் கிழக்குப் பகுதியும் வழக்கத்தைவிடச் சூடாகும்போது, நம் வட்டாரத்தில் மழை குறைந்துவிடும், தீ நீடிக்கும். 2013 ஜூன் மாதத்தில் மூவாரில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 700 ஐத் தாண்டி, அங்கே அவசரநிலை அறிவிக்கப்பட்டது.

கேமரன் மலையில் அதிக மழை பெய்வது பருவக்காற்று மாறும் இரண்டு காலங்களில்: ஏப்ரல், மே மாதங்களிலும், பிறகு அக்டோபர், நவம்பர் மாதங்களிலும். மழை காற்றைக் கழுவும். விழும் துளி ஒவ்வொன்றும் வழியில் உள்ள துகள்களைப் பிடித்துக்கொண்டு இறங்கும். அதனால்தான் நல்ல மழைக்குப் பிறகு தொலைவு மலைகள் கூர்மையாகத் தெரிகின்றன. மழை இடைவெளி விட்ட ஜூலை, ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் நாம் கூடுதல் கவனத்தோடு இருக்க வேண்டும்.

மலை உயரத்தில் புகை வருமா?

"புகையெல்லாம் கீழே கோலாலம்பூரிலும் ஈப்போவிலும்தான், மலைக்கு வராது" என்று பலர் சொல்வதுண்டு. இதில் பாதி உண்மை இருக்கிறது.

தரையை ஒட்டியுள்ள காற்று நாள்தோறும் கலங்கிக்கொண்டே இருக்கும் ஓர் அடுக்கு. இரவில் இந்த அடுக்கு சில நூறு மீட்டர் தடிமனாகச் சுருங்கிவிடும். அப்போது தாழ்நிலத்துப் புகையின் பெரும்பகுதி கீழேயே அடைபட்டிருக்கலாம். மலை அதற்கு மேலே நிற்கலாம். பகலில் வெயில் தரையைச் சூடாக்கும்போது, இந்த அடுக்கு ஒன்று, ஒன்றரை கிலோமீட்டர், சில நாள்களில் அதற்கும் மேலே வளரும். போதாததற்குச் சரிவில் ஏறும் பகல்காற்றும் இருக்கிறது. காலையில் கீழே கிடந்த புகை, மதியத்துக்கு மேல் நம் திடலுக்கு வந்துவிடும். காலையில் காற்று நன்றாக இருந்தது என்பதால் பிற்பகலிலும் அப்படியே இருக்கும் என்று நம்ப முடியாது.

புகை எல்லாமே வெளிநாட்டுச் சரக்கு என்றும் நினைத்துவிடாதீர்கள். வழக்கமாக மேலே போகப் போகக் காற்று குளிரும் என்று பார்த்தோம். குளிர்காற்று பள்ளத்தாக்கில் தேங்கும் இரவில் இது தலைகீழாகிறது: கீழே குளிர், மேலே சற்று வெப்பம். இதை 'வெப்பத் தலைகீழ் மாற்றம்' என்பார்கள். கீழே உள்ள குளிர்காற்று கனமானது. அதனால் மேலே எழாது. மேலே இருக்கும் வெப்பக்காற்று பானைக்கு மூடி போட்டது போல இருக்கும். அந்த நேரத்தில் தோட்டக்கழிவையும் பிளாஸ்டிக்கையும் எரித்தால், அல்லது விறகடுப்பு மூட்டினால், புகை வெளியேற வழியில்லாமல் வீடுகளைச் சுற்றியே படரும். பள்ளி விடுமுறையில் தானா ராத்தா முதல் பிரிஞ்சாங் வரை ஊர்ந்து நிற்கும் கார் வரிசையின் புகைக்கும் இதே கதிதான்.

பழகிய பனி ஏமாற்றிய ஊர்

பனிக்குப் பழகியவர்கள் ஏமாந்த மிகப் பெரிய நிகழ்வு லண்டனில் நடந்தது. 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை அந்நகரின் மேல் இதே போன்ற வெப்பத் தலைகீழ் மாற்றம் மூடி போட்டது. வீடுகளிலும் மின்நிலையங்களிலும் எரிந்த நிலக்கரிப் புகை பனியோடு கலந்து தேங்கியது. லண்டன்வாசிகளுக்குப் பனி புதிதல்ல. வழக்கமானதுதான் என்று பலர் தங்கள் வேலையைப் பார்த்தார்கள். அந்த நாள்களிலும் அடுத்து வந்த வாரங்களிலும் சுமார் 4,000 பேர் கூடுதலாக இறந்தார்கள் என்று அன்றைய கணக்கு சொன்னது. பிற்கால ஆய்வுகள் அந்த எண்ணிக்கை 12,000 வரை இருக்கலாம் என்கின்றன. 1956 இல் பிரிட்டன் தூய காற்றுச் சட்டம் கொண்டுவந்தது.

நம் மலையில் அவ்வளவு நிலக்கரி எரிவதில்லை. ஆனாலும் பாடம் ஒன்றுதான்: பனியும் புகையும் சேர்ந்தும் வரலாம், பழக்கம் நம்மைக் கவனிக்க விடாது.

நான்கு சோதனைகள்

1. நிறம். பனித்துளி பொதுவாக 10, 20 மைக்ரோமீட்டர் அளவு இருக்கும். ஒளியின் அலைநீளத்தோடு ஒப்பிட்டால் இது மிகப் பெரியது. அதனால் எல்லா நிறங்களையும் ஏறக்குறைய ஒரே அளவில் சிதறடிக்கும். நமக்கு வெள்ளையாகத் தெரியும். புகைத்துகள்களில் பெரும்பாலானவை 1 மைக்ரோமீட்டருக்கும் சிறியவை. அவை நீல ஒளியை அதிகமாகச் சிதறடித்து, மஞ்சளையும் சிவப்பையும் நேரே விட்டுவிடும். ஆகவே புகைநாளில் வெயில் செம்மஞ்சளாக விழும்; தொலைவு மலை பழுப்பேறித் தெரியும். சூரியனை நேராகப் பார்க்காதீர்கள். ஒரு வெள்ளைத் தாளை வெளியே பிடித்து, அதில் விழும் வெளிச்சத்தின் நிறத்தைப் பாருங்கள்.

2. ஈரம். மூக்குக்கண்ணாடி, சிலந்திவலை, தேயிலை இலை ஆகியவற்றைப் பாருங்கள். பனி நீர்த்துளி விட்டுச் செல்லும். புகை விடாது.

3. வாடை. பனிக்கு எரிந்த வாடை இல்லை. கண் எரிச்சலும் தொண்டைக் கரகரப்பும் இருந்தால் புகையைச் சந்தேகப்படுங்கள். ஆனால் சிறிது நேரத்தில் மூக்கு வாடைக்குப் பழகிவிடும். எனவே கட்டடத்தை விட்டு வெளியே வரும் முதல் நிமிடத்திலேயே கவனியுங்கள்.

4. இரண்டு வெப்பமானிகள். ஆய்வுக்கூடத்தில் இரண்டு வெப்பமானிகளை எடுங்கள். முதலில் இரண்டும் ஒரே அளவைக் காட்டுகின்றனவா என்று சரிபார்த்துக்கொள்ளுங்கள். பிறகு ஒன்றின் குமிழில் நனைந்த பருத்தித் துணியைச் சுற்றி, இரண்டையும் நிழலில் தொங்கவிட்டு, மெல்ல விசிறுங்கள். நீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கொள்வதால், ஈரக் குமிழ் குளிரும். ஆனால் மூடுபனியில் காற்று ஏற்கெனவே நீராவியால் நிறைந்திருப்பதால், துணியிலிருந்து நீர் ஆவியாகாது. இரண்டு வெப்பமானிகளும் ஏறக்குறைய ஒரே அளவைக் காட்டும். வேறுபாடு இரண்டு டிகிரி இருக்கிறது, அப்படியும் எதிர் மலை வெள்ளையாக மறைந்திருக்கிறது என்றால், அங்கே மிதப்பது நீர்த்துளி அல்ல.

ஒரு சோதனையை மட்டும் நம்பாதீர்கள். நான்கில் மூன்று ஒரே விடையைச் சொன்னால் நம்பலாம்.

குறியீட்டை எப்படிப் படிப்பது?

சுற்றுச்சூழல் துறை தன் இணையத்தளத்தில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீட்டை வெளியிடுகிறது. மலாயில் இதை ஐ.பி.யு. என்பார்கள். 0 முதல் 50 வரை நன்று. 51 முதல் 100 வரை மிதம். 101 முதல் 200 வரை உடல்நலத்துக்குக் கேடு. 201 முதல் 300 வரை மிகக் கேடு. 300 க்கு மேல் அபாயம். குறியீடு 100 ஐத் தாண்டினால், பள்ளியில் வெளிப்புற நடவடிக்கைகளை நிறுத்த வேண்டும். 200 ஐத் தாண்டினால் பள்ளியையே மூட வேண்டும்.

குறியீட்டைப் பார்க்கும்போது இரண்டு செய்திகளை நினைவில் வையுங்கள். முதலாவது, நீங்கள் பார்க்கும் நிலையம் தாழ்நிலத்தில் இருந்தால், மலையின் காற்று அதைவிட நன்றாகவும் இருக்கலாம், மோசமாகவும் இருக்கலாம். காரணத்தை மேலே பார்த்தோம். இரண்டாவது, நுண்துகளுக்கான குறியீடு 24 மணி நேரச் சராசரியைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. புகை இப்போதுதான் வந்து சேர்ந்தது என்றால், எண் மெதுவாகத்தான் ஏறும். அந்த முதல் சில மணி நேரத்தில் உங்கள் கண்ணும் மூக்கும் வெப்பமானியும் முந்திச் சொல்லும்.

ஏன் இவ்வளவு கவனம்?

2.5 மைக்ரோமீட்டரும் அதற்குக் குறைவும் அளவுள்ள துகள்களைப் பி.எம். 2.5 என்கிறோம். தலைமுடி ஏறத்தாழ 70 மைக்ரோமீட்டர் தடிமன். அதில் கிட்டத்தட்ட முப்பதில் ஒரு பங்குதான் இது. மூக்கு முடியும் சளியும் பெரிய தூசியைத் தடுத்துவிடும். இவ்வளவு சிறிய துகள் நுரையீரலின் காற்றுப் பைகள் வரை போய்விடும். ஒரு கனமீட்டர் காற்றில் இதன் 24 மணி நேரச் சராசரி 15 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்பது உலகச் சுகாதார நிறுவனம் 2021 இல் தந்த வழிகாட்டல்.

ஓய்வில் இருக்கும் ஒருவர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 6 முதல் 8 லிட்டர் காற்றை இழுக்கிறார். ஓடும்போது இது பல மடங்கு ஆகும். ஒரே திடல், ஒரே காற்று. ஆனால் ஓடுபவரின் நுரையீரலுக்குள் போகும் துகள் உட்கார்ந்திருப்பவரைவிடப் பல மடங்கு. கொழுந்துக் கூடையைச் சுமந்து சரிவில் ஏறி இறங்கும் தொழிலாளர்களுக்கும் இதே கணக்குத்தான். அவர்கள் நாள் முழுவதும் வெளியே நிற்கிறார்கள்.

ஆகவே புகை என்று உறுதியானால் ஓட்டத்தையும் விளையாட்டையும் தள்ளிவையுங்கள். சன்னல்களை மூடுங்கள். வெளியே போயே ஆக வேண்டும் என்றால் என்95 வகை முகக்கவரி அணியுங்கள். துணிக் கவரி நுண்துகளைச் சரியாகத் தடுக்காது. ஆஸ்துமா உள்ள நண்பர் இன்ஹேலரைக் கையோடு வைத்திருக்கிறாரா என்று கேளுங்கள். வீட்டில் தாத்தா, பாட்டி, கைக்குழந்தை இருந்தால் அவர்களை உள்ளே இருக்கச் சொல்லுங்கள். குப்பையை எரிப்பவரைக் கண்டால், பள்ளத்தாக்கின் 'மூடி'யைப் பற்றிப் பணிவாக எடுத்துச் சொல்லுங்கள். திறந்தவெளியில் எரிப்பது நம் நாட்டில் சட்டப்படி குற்றமும்கூட.

செய்து பாருங்கள்

இரண்டு வாரத்துக்கு ஒரு குறிப்பேடு வையுங்கள். காலை 7 மணி, பிற்பகல் 3 மணி என நாளுக்கு இரு முறை ஐந்து செய்திகளை எழுதுங்கள்: எதிர் மலை தெரிகிறதா, வெள்ளைத் தாளில் வெளிச்சத்தின் நிறம், இலையில் ஈரம் உண்டா, வாடை உண்டா, இரண்டு வெப்பமானிகளின் வேறுபாடு எவ்வளவு. கடைசிக் கட்டத்தில் 'பனி', 'புகை', 'இரண்டும்', 'தெளிவு' என்று உங்கள் முடிவை எழுதுங்கள். அதன் பிறகுதான் குறியீட்டைப் பார்க்க வேண்டும். உங்கள் முடிவு எத்தனை முறை அதோடு ஒத்துப்போனது, எப்போது ஒத்துப்போகவில்லை என்று வகுப்பில் பேசுங்கள். ஒத்துப்போகாத நாள்களில்தான் கற்றுக்கொள்ள நிறைய இருக்கும்.

இப்போதெல்லாம் புதன்கிழமைகளில் திடலுக்குப் போகும் முன் நானும் இரண்டு வெப்பமானிகளை எடுத்துச் செல்கிறேன். முதலில் கேட்கும் கேள்வியும் மாறிவிட்டது. "ஓடத் தயாரா?" என்று கேட்பதற்கு முன், "இன்னைக்கு என்ன வாடை வருது?" என்று கேட்கிறேன். உங்கள் ஆசிரியர் கேட்க மறந்துவிட்டால், அன்று அந்த மாணவி செய்ததைப் போல நீங்களே எடுத்துச் சொல்லுங்கள்.